அமெரிக்கப் பள்ளியில் ஆசிரியரைச் சந்திக்கப் போகும் பெற்றோருக்கு

அமெரிக்காவில் குழந்தையைப் பொதுப்பள்ளியில் சேர்த்த இரண்டு மூன்று மாதங்களில், பெரும்பாலும் அக்டோபரிலோ நவம்பரிலோ, ஆசிரியரை நேரில் சந்திக்க வருமாறு பெற்றோருக்கு அழைப்பு வரும். தொடக்கப்பள்ளிகளில் இதற்கு ஒதுக்கப்படும் நேரம் பொதுவாக 15 அல்லது 20 நிமிடங்கள்தான். நம் ஊரில் மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போடப் போய் நின்ற பழக்கத்தோடு இங்கே போய் அமர்ந்தால், அந்த நிமிடங்கள் பாராட்டைக் கேட்பதிலேயே கரைந்துவிடும். என் மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது எனக்கு அப்படித்தான் ஆனது. அவள் வகுப்பில் இருப்பதே மகிழ்ச்சி என்று ஆசிரியை சொன்னார். நிறைந்த மனதோடு வீடு திரும்பினேன். அவளுடைய வாசிப்பு, வகுப்புக்கு உரிய நிலையை எட்டவில்லை என்பது எனக்கு மார்ச் மாதத்தில்தான் விளங்கியது. ஆசிரியை எதையும் மறைக்கவில்லை. வாசிப்பில் இன்னும் முயன்று வருகிறாள் என்று அன்றே சொல்லியிருந்தார். இங்குள்ள ஆசிரியர்கள் முதலில் நல்லதைச் சொல்லி, குறையை மென்மையான சொற்களில் பிறகு வைப்பார்கள் என்பதை அறியாத நான், முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

ஆகவே கேள்விகளை முந்தைய நாளே எழுதிக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் முதலில் கேட்க வேண்டியது இது: இந்த வகுப்பில், இந்த மாதத்தில், ஒரு குழந்தைக்கு வாசிப்பிலும் கணக்கிலும் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும், என் குழந்தை அதில் எங்கே நிற்கிறது? “நன்றாகப் படிக்கிறாளா?” என்று கேட்டால் “ஆம்” என்ற விடைதான் வரும், மேலே சொன்னபடி கேட்டால் ஆசிரியர் குழந்தையின் எழுத்துப் பயிற்சிகளை எடுத்து மேசையில் விரிப்பார். அதன் பிறகு பேச்சு தானாகவே பயனுள்ள திசைக்குத் திரும்பும்.

மதிப்பீட்டு அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பல தொடக்கப்பள்ளிகளில் நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கே கிடையாது. 1 முதல் 4 வரையிலான எண்களே இருக்கும். 3 என்பதை 75 விழுக்காடு என்று எண்ணிக் குழந்தையைக் கடிந்துகொண்ட பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். வகுப்புக்கு உரியதை முழுமையாக அடைந்துவிட்டது என்பதுதான் வழக்கமாக 3-இன் பொருள். அளவுகோல் ஊருக்கு ஊர் மாறுவதால், அதற்கான விளக்கத்தைப் படித்துப் பாருங்கள், அல்லது அங்கேயே கேட்டுவிடுங்கள். வகுப்பில் எத்தனையாவது ரேங்க் என்று மட்டும் கேட்க வேண்டாம். மற்ற குழந்தைகளின் விவரங்களை 1974-ஆம் ஆண்டின் கல்விப் பதிவுச் சட்டம் காக்கிறது. அதே சட்டம் உங்கள் குழந்தையின் பதிவுகளைப் பார்க்கும் உரிமையை உங்களுக்கு அளிக்கிறது. நீங்கள் கேட்ட 45 நாட்களுக்குள் பள்ளி அவற்றைக் காட்டியாக வேண்டும்.

நாமாக எடுத்துச் சொல்ல வேண்டியவையும் சில உண்டு. குழந்தையின் பெயரை ஒருமுறை நிறுத்தி, அசை பிரித்துச் சொல்லிக் கொடுங்கள். ஆசிரியர்கள் இதை விரும்பவே செய்கிறார்கள். தந்தையின் பெயரே குழந்தைக்குக் கடைசிப் பெயராக அமையும் நம் வழக்கத்தையும் விளக்கிவிட்டால், பதிவேட்டுக் குழப்பங்கள் பல குறையும். ஆசிரியர் பேசும்போது குறுக்கிடாமல் இருப்பதை வீட்டில் மரியாதையாகக் கற்பித்திருப்போம். இங்கோ, கை உயர்த்திப் பேசாத குழந்தைக்குப் பாடம் புரியவில்லை என்று கருதப்படலாம். அந்த அமைதியின் காரணத்தை ஆசிரியரிடம் சொல்லுங்கள்; பேசலாம் என்பதைக் குழந்தையிடமும் சொல்லுங்கள்.

சேர்க்கைப் படிவத்தில் வீட்டில் பேசும் மொழி எது என்ற கேள்வி இருக்கும். குழந்தையைத் தனியே ஒதுக்கிவிடுவார்களோ என்று அஞ்சி “ஆங்கிலம்” என்று எழுதுபவர்கள் உண்டு. அது தவறு என்பது என் உறுதியான எண்ணம். தமிழ் என்று எழுதினால் குழந்தையின் ஆங்கிலத்தைச் சோதிப்பார்கள். தேவையிருந்தால் உதவி கிடைக்கும், இல்லையென்றால் வழக்கமான வகுப்பே தொடரும். ஆங்கிலம் அறியாத மாணவர்களுக்கு உதவாமல் விடுவது 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்துக்கு முரண் என்று, சான் பிரான்சிஸ்கோவின் சீன மொழி மாணவர்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1974-இல் தீர்ப்பளித்தது. இந்த உதவி அப்படிப் போராடிப் பெறப்பட்டது. பெற்றோருக்கு ஆங்கிலம் தடையாக இருந்தால், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று ஒரு வாரம் முன்னதாகவே பள்ளிக்குத் தெரிவியுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. குழந்தையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன் குறையைத் தானே பெற்றோருக்கு எடுத்துச் சொல்லும் சுமை எந்தக் குழந்தைக்கும் வரக்கூடாது.

குழந்தைக்குக் கற்றல் குறைபாடு இருக்குமோ என்ற ஐயம் இருந்தால், வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். முழு மதிப்பீடு வேண்டும் என்று தேதியிட்டு எழுதிக் கொடுங்கள். கட்டணமின்றி மதிப்பிடும் கடமை பொதுப்பள்ளிக்கு உண்டு.

இந்தச் சந்திப்போடு பள்ளியுடனான உறவு முடிவதில்லை. பெரும்பாலான ஊர்களில் பள்ளிச் செலவின் கணிசமான ஒரு பகுதி அவ்வூர் வீடுகளின் சொத்து வரியிலிருந்து வருகிறது. வாடகைக்குக் குடியிருப்பவரும் வாடகையின் வழியே அதில் பங்கு செலுத்துகிறார். எந்தப் பாடத்திட்டம், எத்தனை பேருந்து, எவ்வளவு வரவு செலவு என்பதையெல்லாம், பெரும்பாலும் ஊர்மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியம் பொதுக்கூட்டத்தில் முடிவு செய்கிறது. பல வாரியங்களில் பொதுமக்கள் ஒவ்வொருவரும் இரண்டு மூன்று நிமிடங்கள் பேசலாம். குடியுரிமை இல்லாததால் வாக்களிக்க முடியாத பெற்றோரும் அங்கே எழுந்து பேசலாம். நம்மவர்கள் மிகக் குறைவாகவே போகிறார்கள் என்பது எனக்கு வருத்தம். ஒருமுறையாவது போய் உட்கார்ந்து கேளுங்கள்.

சந்திப்பு முடிந்த அன்றே ஆசிரியருக்கு நன்றி சொல்லிச் சிறு மின்னஞ்சல் அனுப்புங்கள். பேசி முடிவு செய்த ஓரிரு செயல்களையும், அடுத்து எப்போது பார்ப்போம் என்பதையும் அதில் குறிப்பிடுங்கள். என் மகளின் மூன்றாம் வகுப்பு ஆசிரியைக்கு நான் எழுதியது மூன்றே வரிகள்: இரவு 20 நிமிடங்கள் அவள் உரக்க வாசிப்பாள், தடுமாறும் சொற்களை நான் குறித்து அனுப்புவேன், ஜனவரி இறுதியில் மீண்டும் சந்திப்போம். மறுநாள் காலையிலேயே பதில் வந்தது. அவள் விரும்பிப் படிக்கக்கூடிய நான்கு புத்தகங்களின் பெயர்களும் அதில் இருந்தன.