ஹங்கேரியச் சொற்பட்டியலில் இரண்டு எழுத்துகள் மட்டும் கெட்டு வந்தால்

ஆங்கில இலக்கணச் சொற்களுக்கு ஹங்கேரியப் பொருள் தரும் பழைய சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பு அது. அகராதிக்கான ‘ஸோதார்’ சரியாகவே தெரிந்தது. பெயர்ச்சொல்லுக்கான ‘ஃபோநேவ்’, எழுத்துக்கான ‘பெதூ’ இரண்டும் கெட்டிருந்தன. உயிரெழுத்தின் தலைமேல் இரட்டைச் சாய்கோடு இருக்க வேண்டிய இடத்தில் முதலாவதில் அலைக்கோடு, அடுத்ததில் கூரைக்குறி.

காரணம் குறியாக்கம், அதாவது எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்ற அட்டவணை. மத்திய ஐரோப்பிய மொழிகளுக்கான விண்டோஸ்-1250இல் 245, 251 ஆகிய எண்கள் இந்த இரட்டைக்கோட்டு எழுத்துகளுக்கு உரியவை. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான விண்டோஸ்-1252இல் அதே எண்களில் வேறு எழுத்துகள்; 1250 கோப்பை 1252 என்று படித்தால் அவையே தெரியும். மற்ற ஹங்கேரிய உயிரெழுத்துகள் இரண்டிலும் ஒரே இடத்தில் இருப்பதால் கோளாறு எளிதில் கண்ணில் படாது.

கோப்பை நோட்பேட்++ என்ற உரைத் திருத்தியில் திறந்து, குறியாக்கப் பட்டியலில் முதலில் விண்டோஸ்-1250 தேர்ந்தெடுங்கள். எழுத்துகள் சரியாகத் தெரிந்த பிறகே எல்லா மொழிகளுக்குமான யூடிஎஃப்-8 குறியாக்கத்துக்கு மாற்றிச் சேமிக்க வேண்டும். வரிசை மாறினால் தவறான எழுத்தே நிரந்தரமாகிவிடும். பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான்.

ஏற்கெனவே அப்படிச் சேமித்தாகிவிட்டதா? தேடி மாற்றினால் போதும். ஹங்கேரிய மொழியில் அலைக்கோடும் கூரைக்குறியும் கிடையாது என்பதால் ஆபத்தில்லை. பெரிய எழுத்து, சிறிய எழுத்து இரண்டுக்குமாக நான்கு மாற்றங்கள், ஹங்கேரிய நெடுவரிசையில் மட்டும். சொற்களை மனப்பாடம் செய்ய உதவும் அன்கி செயலிக்கு யூடிஎஃப்-8 கோப்பையே கொடுங்கள்.