கடல் தாண்டும் மைக்ரோவேவ் லிங்க்: டிரான்ஸ்மிஷன் செட்டிங் செய்யும் முறை

பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் ஒரு மாடிக் கூரை, எதிர்க்கரையில் பட்டர்வொர்த்தில் இன்னொன்று. நடுவில் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் கடல். இரண்டையும் கம்பியின்றி இணைக்க 18 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ, இருபுறமும் 0.6 மீட்டர் டிஷ். டிஷ் மாட்டி, கேபிள் இழுத்து, எர்த் கொடுத்தாயிற்று என்று வைத்துக்கொண்டு செட்டிங்கைத் தொடங்குவோம்.

லேப்டாப்பைத் திறக்கும் முன் தாளில் ஒரு கணக்கு

இந்தத் தூரத்தில் வெட்டவெளி இழப்பு சுமார் 127 டெசிபெல். ஒவ்வொரு டிஷ்ஷின் கெயின் (சிக்னலைக் குவித்துக் கூட்டும் அளவு) ஏறத்தாழ 38.5. டிஎக்ஸ் (அனுப்பும்) பவர் 18 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல்) என்றால், 18 + 38.5 + 38.5 − 127 = −32. சில்லறை இழப்புக்கு 1 கழித்தால் −33 டிபிஎம். எதிர்முனையில் வரவேண்டிய சிக்னல் இதுதான். இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளாமல் டவர் ஏறுபவருக்கு, கிடைத்த சிக்னல் நல்லதா கெட்டதா என்றே தெரியாது.

படி 1: மியூட்

முதலில் இரு முனையிலும் டிரான்ஸ்மிட்டரை மியூட் செய்யுங்கள், அதாவது அலை அனுப்பாமல் நிறுத்துங்கள். எம்சிஎம்சி (மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம்) கொடுத்த ஒதுக்கீட்டில் உள்ள அலைவரிசை, சேனல் அகலம், போலரைசேஷன் (அலை அதிரும் திசை: செங்குத்து அல்லது கிடை), பவர் வரம்பு ஆகியவற்றை அப்படியே போடவேண்டும். இஷ்டத்துக்கு மாற்றினால் பக்கத்துக் கட்டடத்து லிங்க் கெடும்.

படி 2: அலைவரிசை

ஒரு முனை அனுப்புவதை மறுமுனை வாங்கவேண்டும். 18 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரண்டுக்கும் இடைவெளி பெரும்பாலும் 1010 மெகாஹெர்ட்ஸ். தீவுப் பக்கம் 17,727.5-இல் அனுப்பினால் பட்டர்வொர்த் 18,737.5-இல் அனுப்பும். ஓடியுவின் (டிஷ்ஷோடு வெளியே மாட்டும் ரேடியோப் பெட்டி) லேபிளைக் கண்ணால் பாருங்கள்: ஒரு பக்கம் 'லோ', மறுபக்கம் 'ஹை' இருக்கவேண்டும். ஸ்டோரிலிருந்து இரண்டு லோ வந்துவிட்டால் எந்தச் செட்டிங்கும் காப்பாற்றாது, ஓடியுவை மாற்றத்தான் வேண்டும்.

சேனல் அகலம், லிங்க் ஐடி (இரு முனைகளும் ஒன்றையொன்று அடையாளம் காணும் எண்) இரண்டும் இருபுறமும் பொருந்தவேண்டும். அகலம் இந்தப் பட்டையில் 27.5 மெகாஹெர்ட்ஸ், பல கருவிகளின் திரையில் 28 என்று காட்டும்.

படி 3: டிஷ் திருப்பும்போது

மாடுலேஷனை (டேட்டாவை அலையில் ஏற்றும் முறை) கியூபிஎஸ்கேயில் நிலையாக வையுங்கள்; வேகம் குறைவு, ஆனால் பலவீனச் சிக்னலிலும் நிற்கும். ஏடிபிசியை (பவரைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) அணைத்துவிட்டு மியூட்டை எடுங்கள். ஏடிபிசி ஓடிக்கொண்டிருந்தால், டிஷ் விலகும்போது எதிர்முனை பவரை ஏற்றி ஈடுகட்டிவிடும். உச்சம் எங்கே என்று தெரியாது.

0.6 மீட்டர் டிஷ்ஷின் கதிர் அகலம் சுமார் 2 பாகை, அவ்வளவுதான். போல்ட்டைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்புங்கள். ஒரு நேரத்தில் ஒரு முனை மட்டும். மற்றவர் டிஷ்ஷைத் தொடக்கூடாது. சிக்னல் ஏறி, இறங்கி, மறுபடி ஏறும். முதல் மேட்டிலேயே போல்ட்டை இறுக்கிவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. −55 வந்தால் சந்தோஷப்படாதீர்கள். கணக்கில் வந்தது −33. 20 டெசிபெலுக்கு மேல் குறைந்தால் நீங்கள் முதன்மைக் கதிரில் இல்லை, அதன் ஓரத்தில் கசியும் பலவீனமான பக்கக் கதிரில் நிற்கிறீர்கள். முழுக்கத் துழாவியும் ஏறாவிட்டால் ஒரு பக்கம் போலரைசேஷன் மாறிக் கிடக்கிறதா என்று பாருங்கள்.

படி 4: மழைக்கு ஏற்ற செட்டிங்

ஐடியுவின் (அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) பழைய மழை மண்டலப் பிரிப்பில் மலேசியா 'பி' (P) மண்டலம்: ஆண்டில் 0.01 விழுக்காடு நேரம் மணிக்கு 145 மில்லிமீட்டர் வேகத்தில் மழை கொட்டும். அந்த மழையில் 18 கிகாஹெர்ட்ஸ் செங்குத்து போலரைசேஷனில் கிலோமீட்டருக்குச் சுமார் 11.3 டெசிபெல் போகும், கிடையில் 15. ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கும்போதே செங்குத்தாகக் கேட்பது நல்லது. விழும் மழைத்துளி தட்டையாவதால்தான் இந்த வேறுபாடு.

வழி முழுக்க அதே மழை என்று கொண்டால் 3 கிலோமீட்டருக்கு 34 டெசிபெல். 256 க்யூஏஎம்முக்கு (வேகமான, ஆனால் நல்ல சிக்னல் கேட்கும் மாடுலேஷன்) குறைந்தது −66 டிபிஎம் வேண்டும் என்றால், கையிருப்பு 33 மட்டுமே. கியூபிஎஸ்கே −87 வரை தாங்கும் என்றால் 54 இருக்கிறது. இந்த வாசல் அளவுகள் கருவிக்குக் கருவி மாறும், டேட்டாஷீட்டில் பாருங்கள். ஆகவே டிஷ் திருப்பி முடிந்ததும் ஏசிஎம்மை (சிக்னலுக்கு ஏற்ப மாடுலேஷனைத் தானாக மாற்றும் வசதி) இயக்கி, கீழ் எல்லை கியூபிஎஸ்கே, மேல் எல்லை 256 என்று வையுங்கள். அடைமழையில் வேகம் குறையும், லிங்க் அறாது. வேகம் குறையும்போது குரல் அழைப்புக்கு முன்னுரிமை கிடைக்க க்யூஓஎஸ்ஸையும் (டேட்டாவை முக்கியத்துவப்படி வரிசைப்படுத்தும் செட்டிங்) போட்டுவிடுங்கள்.

படி 5: பின்னால் மாற்றும்போது

ஓடும் லிங்கில் அலைவரிசையையோ அகலத்தையோ மாற்றவேண்டுமா? தொலைமுனையை முதலில் மாற்றுங்கள். லிங்க் அறும், பிறகு உங்கள் முனையை மாற்றினால் ஒட்டிக்கொள்ளும். முதலில் பக்கத்து முனையை மாற்றினால் தொலைமுனைக்குப் போக வழியே இல்லாமல் பாலம் தாண்டவேண்டியதுதான். தானாகப் பழைய செட்டிங்குக்குத் திரும்பும் டைமர் கருவியில் இருந்தால் 10 நிமிடம் வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

சிக்னல் −33, ஆனால் லாக் இல்லையா, அதாவது லிங்க் ஒட்டவில்லையா? அகலமோ லிங்க் ஐடியோ பொருந்தவில்லை. அவை சரியென்றால் எதிர்முனையை மியூட் செய்து அளவைப் பாருங்கள். அப்போதும் −75 காட்டினால் வேறு யாரோ உங்கள் சேனலில் இருக்கிறார்கள்.

மழை இல்லாத நாளிலும் சிக்னல் கடல் ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்து மணிக்கணக்கில் மெல்ல ஆடினால், அது நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் அலை. பவரைக் கூட்டிப் பயனில்லை. டிஷ்ஷைக் கூரை விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளுங்கள். கீழிருந்து வரும் அலையை விளிம்பே மறைத்துக்கொள்ளும். நேர்வழியைச் சுற்றி அலைக்கு வேண்டிய வெளியை (வழியின் நடுவில் 3.5 மீட்டர் ஆரம்) விளிம்பும் கப்பலும் தொடாதபடி உயரத்தைப் பார்த்து வையுங்கள். ஸ்வெட்டன்ஹாம் துறைக்கு வரும் சுற்றுலாக் கப்பல்கள் பல மாடி உயரம்.