லிதுவேனிய இதழ்த் தடையைப் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரஷ்யப் பேரரசில் 1864 முதல் 1904 வரை நாற்பது ஆண்டுகள் லிதுவேனிய மொழி தடைசெய்யப்பட்டிருந்தது என்று பல கட்டுரைகள் ஒரே வரியில் சொல்லிச் செல்கின்றன. முதல் தவறு அந்த வரியிலேயே இருக்கிறது. தடை விழுந்தது மொழியின் மீதன்று, அதை லத்தீன் எழுத்தில் அச்சிடுவதன் மீது. ரஷ்ய ஆட்சிக்கு எதிரான 1863ஆம் ஆண்டு எழுச்சி ஒடுக்கப்பட்ட பிறகு வில்னாவின் (இன்றைய வில்னியுஸ்) தலைமை ஆளுநர் முராவியோவ் பிறப்பித்த தடையை, உள்துறை அமைச்சர் வாலுயேவ் 1865இல் பேரரசு முழுவதற்கும் விரிவாக்கினார். ரஷ்ய எழுத்தில் அமைந்த லிதுவேனிய நூல்களை அரசே அச்சிட்டு வழங்கியும் கத்தோலிக்கக் குடியானவர்களில் பெரும்பாலோர் அவற்றை ஏற்க மறுத்தார்கள்; தங்களை ஆர்த்தடாக்ஸ் திருச்சபைக்கு இழுக்கும் வழியாகவே அந்த எழுத்தை அவர்கள் பார்த்தார்கள். மொழியே தடைசெய்யப்பட்டது என்று எழுதிவிட்டால், கைக்கு எட்டிய நூலையும் வேண்டாம் என்று ஒதுக்கிய அந்த மக்களின் முடிவு வரலாற்றிலிருந்து மறைந்துபோகிறது.

இதையொட்டி வரும் இன்னொரு குழப்பம், 'தணிக்கை' என்ற ஒரே சொல்லைப் பேரரசின் எல்லா மொழிகளுக்கும் பொதுவாக வைப்பது. திஃப்லிஸில் (இன்றைய திபிலீசி) 1872இல் தொடங்கிய ஆர்மேனிய இதழான 'ம்ஷாக்', 1878இல் தொடங்கிய எஸ்தோனிய இதழான 'சகலா', கிரிமியாவின் பாக்சிசராயில் 1883 முதல் துருக்கிய மொழியிலும் ரஷ்ய மொழியிலும் வெளிவந்த 'தெர்ஜுமான்' ஆகியவை தணிக்கையாளரின் கண்ணுக்குக் கீழே நடந்தவை. அவற்றின் ஆசிரியர்கள் எதைச் சொல்லலாம், எதை மறைத்துச் சொல்லலாம் என்று கணக்கிட்டே எழுதினார்கள். லத்தீன் எழுத்தில் எழுதிய லிதுவேனிய ஆசிரியருக்கோ பேரரசுக்குள் இதழ் நடத்தும் வாய்ப்பே இருக்கவில்லை. ஆகவே, வரிகளுக்கிடையே மறைபொருள் தேடும் வாசிப்பு முதல் வகைக்குப் பொருந்தும். இரண்டாம் வகையில் தேட வேண்டியது அச்சகத்தையும் எல்லையைக் கடந்த வழியையும்தான்.

லிதுவேனிய இதழான 'அவுஷ்ரா' 1883இல் ரஷ்ய எல்லைக்கு அப்பால், ஜெர்மனியின் கிழக்குப் பிரஷ்யாவிலிருந்த ரக்னிட்டில் அச்சாகி, பிறகு தில்சித்துக்கு மாறி, 1886 வரை வந்தது. அதன் முதல் ஆசிரியர் யோனாஸ் பசனாவிச்சியுஸ் அப்போது பிராகில் இருந்தார். இதனால் இவ்விதழ்கள் எல்லாவற்றையும் 'நாடுகடந்தோர் இதழ்கள்' என்று அழைப்பது எளிதாகத் தோன்றலாம், ஆனால் அது சரியன்று. 1889இல் தொடங்கிய 'வர்பஸ்' இதழின் உயிராக இருந்த வின்சாஸ் குதிர்கா, எல்லைக்கு இந்தப் பக்கம் ரஷ்ய ஆட்சிக்குள்ளேயே மருத்துவராகப் பணியாற்றிக்கொண்டு, கைது செய்யப்படும் ஆபத்தோடு எழுதியவர். அச்சு மட்டுமே வெளியே நடந்தது. எழுத்தும் வாசிப்பும் உள்ளேதான் நடந்தன.

தலைப்புப் பக்கத்தை அப்படியே நம்புவது எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பது என் கருத்து. ஆயர் மோத்தியேயுஸ் வலான்சியுஸ் தொடங்கிவைத்த பிரஷ்ய அச்சு முயற்சியில், ஜெபநூல்கள் பலவற்றில் வில்னா அச்சகத்தின் பெயரும் தடைக்கு முந்தைய ஆண்டும் பொறிக்கப்பட்டன. சோதனையில் பிடிபட்டால் பழைய, சட்டப்படியான நூல் என்று காட்டுவதற்காகச் செய்த ஏற்பாடு அது. பெயர்களிலும் இதே கவனம் வேண்டும்: பலர் புனைபெயர்களில் எழுதினார்கள், ஒருவரே பல பெயர்களில் எழுதியதும் உண்டு.

தேதியிலும் இடறிவிட வேண்டாம். ரஷ்யா ஜூலியன் நாட்காட்டியையும் பிரஷ்யா கிரிகோரியன் நாட்காட்டியையும் பின்பற்றியதால், 19ஆம் நூற்றாண்டில் 12 நாள் வேறுபாடும் 1900க்குப் பிறகு 13 நாள் வேறுபாடும் வரும். தடை நீங்கிய நாள் ஏப்ரல் 24 என்றும் மே 7 என்றும் காணப்படுவதற்கு இதுவே காரணம்.

கடைசியாக, பறிமுதல் பட்டியல்களைப் பற்றி. 'க்னிக்னெஷிஸ்', அதாவது நூல் சுமப்பவர் என்று அழைக்கப்பட்டவர்கள், சைபீரியாவுக்கு அனுப்பப்படும் அபாயத்தை ஏற்று, எல்லைக் காவலரின் கண்ணுக்குத் தப்பி மூட்டைகளைக் கொண்டுவந்தார்கள். காவல்துறையின் பட்டியல் பிடிபட்ட மூட்டைகளை மட்டுமே எண்ணுகிறது. அந்த எண்ணை வாசகர்களின் எண்ணிக்கைக்கு அளவுகோலாக வைத்தால், பிடிபடாமல் வீடு சேர்ந்து, கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்ட பிரதிகள் கணக்கிலேயே வராமல் போய்விடும்.