டபிள்யூ போட்டுத் திறந்தாலே கோப்பு காலி

கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறை பக்கம், பைத்தான் என்ற நிரல்மொழி பழக வரும் பிள்ளைகள் முதலில் கொண்டுவருவது வீட்டுப் பால் கணக்கைத்தான். தேதி, பெயர், லிட்டர், கொழுப்பு என்று ஒரு டெக்ஸ்ட் கோப்பு. அதைப் படித்து, திருத்தி, திரும்ப எழுத வேண்டும். கோப்பின் பெயரைத் தப்பாக அடித்தால் கணினியே கத்திச் சொல்லிவிடும், அதை விடுங்கள்.

படித்த கோப்பின் மேலேயே எழுதுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கடுப்பாகும். கோப்பைத் திறக்கும் ஓபன் கட்டளையில், எழுதுவதற்கான டபிள்யூ மோடு கொடுத்தாலும், ரைட் வரி வரும்வரை பழையது பத்திரமாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். இருக்காது. திறந்த நொடியிலேயே எல்லாம் அழிந்துவிடும்.

ஒரு பையன் விண்டோஸில் தன் கோப்பைப் படிக்கப் போனான். 8டி என்ற பைட் (கோப்பில் எழுத்துகளைச் சேமிக்கும் எண்களில் ஒன்று) புரியவில்லை என்று பிழை வந்தது. எந்த எழுத்துக்கு எந்த பைட் என்று சொல்லும் அட்டவணைதான் என்கோடிங். அதைச் சொல்லாவிட்டால் அங்கே வழக்கமாக சிபி1252 என்ற பழைய அட்டவணைதான் வரும். அதில் 8டி என்ற இடம் காலி. தமிழும் எழுதக்கூடிய யூடிஎஃப்-8 என்ற என்கோடிங்கில் தமிழ்ப் புள்ளியின் மூன்றாவது பைட் அதேதான். பெயரில் ஒரு ‘ன்’ இருந்தால் போதும், மாட்டிக்கொள்ளும். மலையாளச் சந்திரக்கலைக்கும் கடைசி பைட் இதுவே, ஆகவே பெயர்களை மலையாளத்தில் எழுதியும் தப்பிக்க முடியாது.

பையன் படிக்கும் வரியில் யூடிஎஃப்-8 என்று சேர்த்தான்; சரியானது. எழுதும் வரியில் சேர்க்கவில்லை. ஆங்கிலத் தலைப்பு வரி போய்ச் சேர்ந்தது, முதல் தமிழ்ப் பெயரில் நிரல் நின்றது. “அண்ணா, தலைப்பு மட்டும்தாங்க இருக்குது!” அம்மா பால் அட்டையைப் பார்த்து வாசிக்க, அவன் மறுபடி எல்லாவற்றையும் தட்டச்சு செய்தான்.

பைத்தான் 3.15 பதிப்பில் யூடிஎஃப்-8 தான் இயல்பு என்று முடிவாகியிருக்கிறது. ஆனால் நம் ஊர்க் கணினிகளில் இருப்பது பழைய பதிப்பு. படிக்கும்போதும் எழுதும்போதும் என்கோடிங்கைச் சொல்லிவிடுங்கள். அதே கோப்பில் எழுதாமல், அதே ஃபோல்டரில் வேறு பெயரில் எழுதி மூடுங்கள். பிழையின்றி முடிந்த பிறகு ஓஎஸ்.ரீபிளேஸ் கொண்டு பழையதன் இடத்தில் வையுங்கள். கூடுதலாக இரண்டு வரிதான், அதற்கும் சோம்பல்!

பெயர் ஒன்றுதான், ஆனால் சமமில்லை

கோப்பில் படித்த பெயரை ஒப்பிட்டால் பொருந்தாது. கடைசியில் வரிமுடிவு ஒட்டியிருக்கும், அதை நீக்க ஸ்ட்ரிப் போடுங்கள். அப்புறமும் பொருந்தாவிட்டால் ‘கொ’வைப் பாருங்கள். ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் வரலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்றுதான், பைத்தானுக்கு இரண்டு. யூனிகோட்டேட்டாவின் நார்மலைஸில், பிரிந்ததை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி கொடுத்தால் சரியாகும்.

ஏ மோடு

இது பழையதை அழிக்காமல் கடைசியில் சேர்த்து எழுதும். ஆனால் நிரலை இரண்டு முறை ஓட்டினால் அதே பாலை இரண்டு முறை ஊற்றியதாகக் கணக்காகும்.

சிஎஸ்வியில் வரிக்கு வரி காலி

சிஎஸ்வி என்பது காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு. அதை எழுதும்போது ஓபனில் நியூலைனுக்கு வெற்றுச் சரம் கொடுங்கள்.

எக்செலில் தமிழ் சிதைந்தால்

என்கோடிங்கில் யூடிஎஃப்-8-சிக் என்று கொடுத்து எழுதுங்கள். அந்தக் கோப்பைப் படிக்கும்போதும் அதையே கொடுங்கள். இல்லையென்றால் முதல் நெடுவரிசையின் பெயருக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து உட்கார்ந்திருக்கும்.