லோ பிளாக்கில் வீணாகக் கொடி வாங்காதீர்கள்

ஆகஸ்ட் பிறந்தால் நியூ ஜெர்சியில் ஏதாவதொரு பள்ளி அமெரிக்கன் ஃபுட்பால் மைதானத்தில் இது நடக்கும். புதிதாகச் சேர்ந்த உதவி கோச், போனில் தொழில்முறை அணியான டென்வர் பிராங்கோஸின் பழைய ஆட்டத்தைப் போட்டுக் காட்டி, "இப்படித்தான் இறங்கணும்" என்று லைன்மேன் (முன்வரிசையில் நின்று எதிராளியைத் தடுப்பவர்கள்) பையன்களிடம் சொல்லிக்கொண்டிருப்பார். இறங்குவது என்றால் லோ பிளாக், அதாவது எதிராளியை இடுப்புக்குக் கீழே மோதித் தடுப்பது. தவறாகச் செய்தால் நடுவர் மஞ்சள் கொடி வீசுவார். லைன் கோச்சாக வந்த புதிதில் நானும் அதே வீடியோக்களைக் காட்டியவன்தான். பிராங்கோஸின் லைன் கோச் அலெக்ஸ் கிப்ஸ் பழக்கிய அந்த லைன், எதிராளியின் தொடைக்கு இறங்கி வழி திறந்துவிடும். 1998-ல் அந்த அணியின் ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) டெரல் டேவிஸ் 2,008 யார்டு ஓடியது அவர்களுக்குப் பின்னால்தான். பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் அது வேறு காலம், வேறு விதி.

முதுகுப் பக்கமிருந்து காலில் விழக்கூடாது என்பதெல்லாம் பையன்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

யோசித்துவிட்டு இறங்குவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான்.

பள்ளி ஆட்டத்தில் இடுப்புக்குக் கீழே பிளாக் செய்ய ஒரு சின்னச் செவ்வகம்தான் உண்டு. பந்திலிருந்து இரு பக்கமும் 4 யார்டு, பந்து வைத்து ஆட்டம் தொடங்கும் கோட்டுக்கு முன்னும் பின்னும் 3 யார்டு. அதற்குப் பெயர் ஃப்ரீ பிளாக்கிங் ஸோன். ஸ்னாப் ஆகும்போது (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டம் தொடங்கும்போது) இறங்குகிறவன், எதிராளி இருவருமே கோட்டில், அந்த ஸோனுக்குள் இருக்க வேண்டும். மோதலும் அதற்குள்ளேயே நடக்க வேண்டும். பந்து ஸோனை விட்டு வெளியேறினால் சலுகை முடிந்தது. ஷாட்கன் என்ற அமைப்பில் பந்தை வாங்கும் குவார்ட்டர்பேக் நான்கைந்து யார்டு பின்னால் நிற்கிறான். அப்படியென்றால் பந்தைக் கொடுக்கும் சென்டர் கையை விட்ட மறுநொடி பந்து வெளியே போய்விடுகிறது. இதில் ஆளுக்கொரு விளக்கம் வந்ததால்தான் 2021-ல் விதியைத் தெளிவாக்கினார்கள்: ஸ்னாப் ஆனதும் செய்கிற முதல் காரியமே அந்த பிளாக்காக இருக்க வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டம். இரண்டாவது டவுன் (முயற்சி), இன்னும் 6 யார்டு வேண்டும். ஓட்டம் இடது பக்கம். வலது டேக்கிள் (லைனின் ஓர ஆள்) ஸ்னாப் ஆனதும் நிமிர்ந்தான், இரண்டு அடி வைத்தான், எதிரில் இருந்தவன் நழுவுவதைப் பார்த்தான், அப்புறம் முழங்காலுக்குப் பாய்ந்தான். அதற்குள் பந்து அந்தப் பக்கம் போய், அதை வைத்திருந்த எங்கள் பையன் டச் டவுனுக்கே ஓடிவிட்டான். திரும்பிப் பார்த்தால் கோட்டுக்குப் பக்கத்தில் மஞ்சள் கொடி கிடக்கிறது. எங்கள் உதவி கோச் குதித்தார்: "முன்னாலிருந்துதானே இறங்கினான்!" அம்பயர் ஒரே வரியில் முடித்தார்: "உடனே இறங்கவில்லை." டச் டவுன் போச்சு, 15 யார்டு அபராதம், இனி இருபதுக்கு மேல் வேண்டும்.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த பிளாக் தேவையே இல்லை. அந்த டிஃபென்டரால் ஓட்டத்தை எட்டிப் பிடித்திருக்கவே முடியாது.

முன்னாலிருந்து இறங்கினால் சரி என்று கற்றுக்கொடுப்பதால் வரும் வினை இது. முன்னாலா பின்னாலா என்பது ஒரு கேள்விதான். எப்போது, எங்கே, யார் மீது என்பவை மீதிக் கேள்விகள். நான் பையன்களிடம் சொல்வது: இறங்குவதா இல்லையா என்பதை மூன்று விரல் தரையில் ஊன்றும்போதே முடிவு செய். முதல் அடியிலேயே இறங்கு. ஒருமுறை நிமிர்ந்துவிட்டால் கடைசிவரை நின்றே பிளாக் செய். ஆள் நழுவினால் நழுவட்டும்.

டிவியில் பார்த்ததை அப்படியே செய்வது

தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் ரன்னிங் பேக் ஒருவன், பாய்ந்து வரும் லைன்பேக்கர் என்ற பின்வரிசை டிஃபென்டரின் தொடையில் முன்பக்கமாக இறங்கலாம். பள்ளியில் இருவருமே கோட்டில் இல்லாததால் அதே செயலுக்குக் கொடி. கார்டு (சென்டருக்குப் பக்கத்து லைன்மேன்) முன்னேறிப் போய் லைன்பேக்கரின் காலில் விழுவதும் அப்படியே. டேக்கிளுக்கு வெளியே நிற்கும் டைட் எண்ட், இடைவெளி விட்டு நிற்கும் அணியில் அந்த 4 யார்டுக்குள்ளேயே வரமாட்டான்.

பெரியவர்களுக்கும் இப்போது முன்போல இல்லை. 2021 முதல் என்எஃப்எல்லில் டேக்கிளுக்கு 2 யார்டு வெளியே போனாலோ, கோட்டிலிருந்து 5 யார்டு தாண்டினாலோ லோ பிளாக் கிடையாது. கல்லூரியில் 2022 முதல் டேக்கிள் பாக்ஸுக்கு (பந்தைச் சுற்றிய குறிப்பிட்ட பகுதிக்கு) வெளியே கிடையாது. தொண்ணூறுகளின் வீடியோவை வைத்துப் பாடம் எடுக்காதீர்கள்.

இருவர் ஒருவரை மேலும் கீழும் பிடிப்பது

கார்டு ஒருவனை நெஞ்சோடு பிடித்திருக்கிறான், பக்கத்து சென்டர் அதே ஆளின் முழங்காலுக்கு இறங்குகிறான். இது சாப் பிளாக். ஊன்றிய கால் நகர வழியில்லாமல் முட்டி திரும்பிவிடும். என்எஃப்எல்லே 2016-ல் மிச்சமிருந்த வகைகளையும் சேர்த்துத் தடை செய்துவிட்டது. "தெரியாமல் நடந்தது" என்பார்கள். பெரும்பாலும் உண்மையும் அதுதான். ஆளைப் பிரித்துக்கொள்ளும்போது வாயைத் திறந்து பேசாததுதான் காரணம். "நான் கீழே" என்று சென்டர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பந்து கைமாறிய பிறகு இறங்குவது

கூடாது. கிக்ஆஃப் (ஆட்டத்தைத் தொடங்கும் உதை), பன்ட் (பந்தை எதிரணிக்கு உதைத்து விடுவது), இன்டர்செப்ஷன் (எதிரணி வீசிய பந்தைப் பிடிப்பது), எதிலும் கூடாது.

வெட்டிய வாழை மாதிரி விழுவது

சட்டப்படி சரியாகவே இறங்கினாலும் பாதிப் பேர் தரையைப் பார்த்துத்தான் பாய்கிறார்கள். டிஃபென்டர் கையால் தோளை அமுக்கிவிட்டுத் தாண்டிப் போகிறான். தலை குனிந்திருந்தால் கழுத்துக்கும் ஆபத்து. கண் மேலே இருக்கட்டும். குறி முட்டி அல்ல, தொடை. தூரத்துத் தொடைக்குக் குறுக்கே தலையும் தோளும் போக வேண்டும். மோதிய பிறகும் கையும் காலும் ஊன்றித் தவழ்ந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

சக வீரன் காலில் பழகுவது

மோதிப் பழகுகிற டம்மி பை எதற்கு இருக்கிறது?