கைலியின் முதல் ஆல்பத்தைப் பிரித்துக் கேட்பது எப்படி

சாலிகிராமத்தில் ஒரு சின்ன டப்பிங் தியேட்டரில் குரல் பதிவு செய்வதுதான் என் பிழைப்பு. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் முதல் வீட்டுப்பாடம் இளையராஜா பாட்டும் இல்லை, ரஹ்மான் பாட்டும் இல்லை. 1988 ஜூலையில் லண்டனில் வெளிவந்த ‘கைலி’. கைலி மினோக் என்ற ஆஸ்திரேலிய டிவி நடிகையின் முதல் பாப் ஆல்பம். “என்ன சார், இந்தப் பழைய பஞ்சுமிட்டாயைப் போய்க் கேட்கச் சொல்றீங்க?” என்று முகம் சுளிப்பார்கள். தேர்ந்த பாடகி பாடினால் குரல் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும், பின்னால் நடந்த வேலை எதுவும் காதில் விழாது. நட்சத்திரம் ஒருவர் முதல்முறையாகப் பாட வரும்போதுதான் யார் எந்த வேலையைப் பார்த்தார்கள் என்பது தெளிவாகக் கேட்கும்.

தேவையானவை: வயருள்ள ஹெட்போன் ஒன்று, போன், ஒரு பேப்பர், பேனா. மொத்தம் 10 பாட்டு, ஓடும் நேரம் 35 நிமிடத்தை ஒட்டித்தான். 2015இல் மறுபடி வெளியிட்டபோது ரீமிக்ஸ்களையும் சேர்த்து நீளமான பதிப்புகள் வந்தன. அவை இப்போதைக்கு வேண்டாம், பழைய 10 பாட்டு வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேட்பதற்கு முன்னால் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். பலர் இதை விட்டுவிட்டு நேரே “இந்தப் பெண்ணுக்குப் பாட வருமா வராதா” என்று தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்துவிடுகிறார்கள். ‘நெய்பர்ஸ்’ என்ற மெல்போர்ன் தொடரில் சார்லீன் என்ற கார் மெக்கானிக் பெண்ணாக நடித்துக்கொண்டிருந்தார் கைலி. ஃபிட்ஸ்ராய் கால்பந்து கிளப்புக்கு நிதி திரட்ட நடந்த ஒரு நிகழ்ச்சியில் சக நடிகர்களோடு மேடையேறி, 1962இல் லிட்டில் ஈவா பாடிய ‘தி லோகோமோஷன்’ பாட்டைப் பாடினார். அதைத் தொடர்ந்து மஷ்ரூம் ரெக்கார்ட்ஸ் என்ற ஆஸ்திரேலிய இசைத்தட்டுக் கம்பெனி அவரை ஒப்பந்தம் செய்தது. 1987இல் அந்தப் பாட்டு ஆஸ்திரேலியாவில் ஏழு வாரம் முதலிடத்தில் நின்றது. தொடரோ பிரிட்டனிலும் பிபிசியில் தினமும் ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் லண்டன். ஸ்டாக், எய்ட்கன், வாட்டர்மேன் என்று பாட்டு எழுதித் தயாரிக்கும் மூன்று பேர். தென் லண்டனில் பரோ பகுதியில் சொந்த ஸ்டூடியோ வைத்துக்கொண்டு ஹிட் மேல் ஹிட் கொடுத்தவர்கள். கைலி அவர்களைத் தேடி வந்து நாள்கணக்கில் காத்திருந்தார். ஊர் திரும்ப விமானம் ஏற வேண்டிய நாளில்தான் மைக் ஸ்டாக்குக்கு இப்படி ஒருவர் வந்திருக்கிறார் என்பதே தெரிந்தது. கைலி வெளியே உட்கார்ந்திருக்க, உள்ளே சுமார் 40 நிமிடத்தில் எழுதி முடித்ததுதான் ‘ஐ ஷுட் பி சோ லக்கி’. வரி வரியாகச் சொல்லிக்கொடுத்துப் பாட வைத்து, விமானத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பெரிய கம்பெனிகள் அதை வேண்டாம் என்றன. வாட்டர்மேன் தன் சொந்த இசைத்தட்டுக் கம்பெனியான பிடபிள்யூஎல்லில் வெளியிட்டார். 1988 பிப்ரவரியில் தொடங்கி ஐந்து வாரம் பிரிட்டனில் நம்பர் ஒன். அடுத்த பாட்டுகளுக்கு ஆளைப் பிடிக்க வேண்டுமே? காக்க வைத்ததற்காக ஸ்டாக் மெல்போர்ன் வரை பறந்துபோய் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது.

இதெல்லாம் சினிமாச் செய்தி இல்லை. ‘வரி வரியாக’ என்ற ஒரு தகவலுக்காகத்தான் இவ்வளவையும் சொன்னேன். டப்பிங்கில் நாங்கள் தினமும் செய்வது அதைத்தான். ஒரு லூப் (படத்தின் சின்னத் துண்டு) ஓடும், பேச வந்தவர் ஒரு வரியைக் கேட்பார், உடனே பேசுவார், ஓகே, அடுத்தது. அந்த வேலைக்குப் பெரிய குரல் தேவையில்லை. கேட்டதும் பிடித்துக்கொள்ளும் மூளையும், தொடங்க வேண்டிய இடத்தில் சரியாகத் தொடங்கும் வாயும் வேண்டும். தொடர் நடிகைக்கு அது இரண்டும் கைவந்த கலை. தினமும் பக்கம் பக்கமாக வசனம் மனப்பாடம் செய்கிறவர் அல்லவா?

சரி, இப்போது பாட்டைப் போடுங்கள். முதல் தடவை ஹெட்போன் வேண்டாம், போன் ஸ்பீக்கரிலேயே, சமையலறையில் வைத்துக் கேளுங்கள். அந்தக் காலத்துப் பிள்ளைகள் டிவியிலும் சின்ன ரேடியோவிலும்தான் இதைக் கேட்டார்கள். மிக்ஸ், அதாவது குரலையும் வாத்தியங்களையும் கலந்த விதம், அதற்காகவே செய்தது போல இருக்கும். குக்கர் சத்தத்தையும் மீறி எது கேட்கிறது என்று பேப்பரில் எழுதுங்கள். டிரம்ஸில் ‘டப்’ என்று அடிக்கும் ஸ்னேர் கேட்கும், பல்லவி போலத் திரும்பத் திரும்ப வரும் கோரஸ் வரி கேட்கும், கீபோர்டின் சின்னச் சின்ன மெட்டுகள் கேட்கும். பேஸ் என்கிற அடிநாதம் கிட்டத்தட்டக் காணாமல் போயிருக்கும், ஆனாலும் பாட்டு நொண்டாது. இந்த ஒன்றைக் கவனித்தாலே பாதிப் பாடம் முடிந்தது.

இரண்டாம் தடவை ஹெட்போனில். குரலை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டு டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். டிரம்ஸ் வாசித்தது ஆள் இல்லை, லின் 9000 என்ற மெஷின். ஆல்பத்தின் கிரெடிட்டில் டிரம்ஸுக்கு நேரே ‘ஏ. லின்’ என்று ஏதோ ஓர் ஆள் போலப் பெயர் போட்டு விளையாடியிருக்கிறார்கள். எனக்குப் பிடித்த கிண்டல் அது. அந்த மெஷின் ஒரு மயிரிழைகூடப் பிசகாது. அதன் மேல் மனிதக் குரல் கொஞ்சம் தளர்ந்தாலும் உடனே காட்டிக்கொடுத்துவிடும். இப்போது குரலுக்கு வாருங்கள். ‘லக்கி’ பாட்டில் ஒவ்வொரு வரியும் எந்த இடத்தில் விழுகிறது என்று மேசையில் தட்டிக்கொண்டே பாருங்கள். கைலியின் குரல் மெல்லியது, மூக்கோடு ஒட்டியது, உச்சியில் கொஞ்சம் இறுகும். அத்தனையும் உண்மை. ஆனால் தாளத்தில் ஆணி அடித்தது போல நிற்கிறார். அன்றைய பத்திரிகைகள் ‘பாடும் பட்ஜி கிளி’ என்று கேலி செய்தன. கேலி செய்தவர்கள் மேசையில் தட்டிப் பார்க்கவில்லை என்பது என் கட்சி.

ஒன்றை நினைவில் வையுங்கள். சுருதியைத் திருத்தும் ஆட்டோட்யூன் மென்பொருள் சந்தைக்கு வந்ததே 1997இல். இன்று ஒரு நடிகர் பாடினால் சுருதியை மெஷின் சரிசெய்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். 1988இல் அந்த வசதி கிடையாது. திரும்பப் பாட வைக்கலாம், பாடியதில் நல்ல பதிவுகளை எடுத்து ஒட்டலாம், அதே வரியை இரண்டு தடவை பாட வைத்து ஒன்றின் மேல் ஒன்று போட்டுக் குரலைத் தடிமனாக்கலாம், சுற்றிலும் துணைக்குரல் பாடகிகளை நிறுத்தலாம். டீ லூயிஸ், மே மெக்கென்னா ஆகியோர் பெயர் கிரெடிட்டில் இருக்கும். கோரஸ் வரும் இடங்களில் ஹெட்போனின் இடது, வலது ஓரங்களைக் கவனியுங்கள். நடுவில் இருப்பது நட்சத்திரம், ஓரங்களில் தாங்கிப் பிடிப்பது இவர்கள். பேப்பரில் ஒரு கோடு போட்டு, யார் எங்கே நிற்கிறார்கள் என்று வரைந்து பாருங்கள். என் பிள்ளைகள் இதைத்தான் முணுமுணுத்துக்கொண்டே செய்வார்கள்.

சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு ஒரு தனி வேலை. போனில் சுருதிப் பெட்டி ஆப் இருந்தால் ‘லக்கி’ பாட்டின் முதல் வரிகளுக்கு ஒத்துவரும் ‘சா’வைப் பிடித்து ஓட விடுங்கள். கோரஸ் வந்ததும் பெட்டி உறுத்தும். பாட்டு வேறு சுருதிக்குப் போய்விட்டிருக்கும். வெறும் குழந்தைப் பாட்டு என்று நினைத்தது அடியில் இப்படி இடம் மாறிக்கொண்டிருக்கிறது. 40 நிமிடத்தில் எழுதியவர்களுக்கு அது விரல் நுனிப் பழக்கம். அந்த மாற்றத்தை உடனே பிடித்துக்கொண்டு பாடியது கைலி.

‘லோகோமோஷன்’ பாட்டுக்கு இரண்டு பதிவுகள் உண்டு. 1987 ஆஸ்திரேலியப் பதிவைச் செய்தவர் லண்டனிலிருந்து மெல்போர்னுக்கு வேலைக்குப் போயிருந்த எஞ்சினியர் மைக் டஃபி. ஆல்பத்தில் இருப்பது லண்டன் ஆட்கள் 1988இல் மறுபடி பதிவு செய்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். இந்த ஆல்பத்தில் அந்த மூவரும் எழுதாத பாட்டு இது ஒன்றுதான். மற்ற ஒன்பதும் அவர்களுடையவை. ஒரு வரியில்கூடக் கைலியின் பெயர் எழுத்தாளராக இல்லை.

அடுத்தது, அதே பாட்டை வேறு ஆட்கள் பாடியதைத் தேடிக் கேட்பது. மிகவும் பயனுள்ள வேலை இதுதான். ‘காட் டு பி சர்ட்டன்’ முதலில் மேண்டி ஸ்மித் என்ற பாடகிக்காகப் பதிவானது. ‘டர்ன் இட் இன்டு லவ்’ பாட்டை அதே ஆண்டு ஹேசல் டீன் என்ற பாடகி பிரிட்டனில் சிங்கிளாக, அதாவது தனிப் பாட்டாகப் பாடி வெளியிட்டார். ஜப்பானில் விங்க் என்ற இரட்டையர் குழு ஜப்பானிய வரிகள் போட்டு அதே மெட்டைப் பெரிய ஹிட்டாக்கியது. ஹேசல் டீன் கைலியைவிடப் பல மடங்கு பலமான குரல்காரர். அவர் பாடினால் பாட்டு ஓங்கி நிற்கும். கைலி பாடினால் பக்கத்து வீட்டுப் பெண் சொல்வதாகிவிடும். எது உங்களுக்குப் பிடிக்கிறதோ அதை எழுதிக்கொள்ளுங்கள், ஏன் என்பதையும் சேர்த்து. எனக்கு இந்த ஒரு பாட்டில் மட்டும் ஹேசல் டீன்தான்.

இன்னொன்று, பாட்டு வரிகளை மெட்டில்லாமல் வாய்விட்டுப் படிப்பது. அசட்டுத்தனமாகத் தோன்றும், ஆனால் கைலியே இதைச் செய்தார். 1996இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்த கவிதை நிகழ்ச்சியில், பாடகர் நிக் கேவ் கொடுத்த யோசனைப்படி, ‘லக்கி’ பாட்டின் வரிகளைக் கவிதையாக வாசித்தார். நீங்கள் படிக்கும்போது மூச்சு எங்கே எடுக்கிறீர்கள் என்று குறித்துக்கொண்டு, பாட்டில் அவர் எடுக்கும் இடத்தோடு ஒப்பிடுங்கள். டப்பிங்குக்கு வர நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

எல்லாப் பாட்டுக்கும் இந்த உழைப்பு தேவையில்லை. ‘ஐல் ஸ்டில் பி லவிங் யூ’ மெதுவாக நகரும் பாட்டு. மெஷின் விலகி நிற்கும் இடத்தில் குரலின் பலவீனம் அப்படியே வெளியே தெரியும். ஒரு தடவை அதற்காகக் கேட்டுவிட்டுத் தாண்டிவிடலாம். கடைசி இரண்டு பாட்டுகள் எண்ணிக்கை நிரப்ப வந்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது. ‘ஜெ நெ செ பா புர்குவா’ மட்டும் மறுபடி மறுபடி கேட்கத் தகுந்தது. குரலை உயர்த்தாமலே ஏக்கத்தைக் காட்டியிருக்கிறார், அது நடிகையின் வேலை.

விற்பனைக் கணக்கும் தெரிந்திருக்கட்டும்: 1988இல் பிரிட்டனில் எல்லாவற்றையும்விட அதிகம் விற்ற ஆல்பம் இதுதான். அப்போது கைலிக்கு வயது 20.

இதை முடித்ததும் 1990இல் வந்த ‘ரிதம் ஆஃப் லவ்’ ஆல்பத்துக்குப் போங்கள். அங்கே சில பாட்டுகளின் எழுத்தாளர் பட்டியலில் கைலியின் பெயர் சேர்ந்திருக்கும். அந்தப் பாட்டுகளை மட்டும் முதலில் கேட்டுவிட்டு, மூச்சு எடுக்கும் இடங்களை மறுபடி குறியுங்கள். பழைய பேப்பரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.