விண்டோஸை மாற்றுவதற்கு முதல் பெட்டியைத் திறந்து பாருங்கள்

விசுவமடுவில் எங்கள் ஒழுங்கையின் மூன்றாம் வீட்டு அக்கா போன மாதம் வேலியடியில் நின்று கூப்பிட்டா. "தம்பி, கொம்பியூட்டர் ஒரே ஸ்ரக் ஆகி நிக்குது. மத்தியானத்தில தானா நூந்து போகுது. விண்டோஸ் பத்துக்கு இனி ஒண்டும் வராதாம் எண்டு பெடியன் சொல்லுறான். பதினொண்டைப் போட்டுவிட்டா எல்லாம் சரிவருமோ?"

சரிவராது அக்கா என்றேன். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது உண்மைதான். ஆனால் மத்தியானத்தில் தானாக நூருகிற பெட்டிக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. பழுது பெட்டிக்குள் இருந்தால் புது விண்டோஸ் அதைக் கூட்டிவிடும். மாற்றும்போது ஹார்ட் டிஸ்கில் பல கிகாபைட் எழுதப்படும், ப்ரொசசர் நீண்ட நேரம் கடுமையாக ஓடும். சாகக் கிடக்கிற டிஸ்க் சாவது அந்த நேரத்தில்தான்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். விண்டோஸ் 7இலிருந்து 10க்கு இலவசமாக மாறும் சலுகை 2016 ஜூலை 29 உடன் முடிய இருந்தது. அந்த அவசரத்தில் ஓர் ஆசிரியரின் கணினியை ஒன்றும் பார்க்காமல் மாற்றத் தொடங்கினேன். பாதி வழியில் டிஸ்க் டிக் டிக் என்று அடித்து நின்றுவிட்டது. அவருடைய தங்கச்சியின் கலியாணப் படங்கள் அதற்குள் இருந்தன. வேறு பிரதி இல்லை. அவர் என்னை ஒரு சொல்லும் பேசவில்லை. அன்றிலிருந்து கீழே சொல்கிற ஒழுங்கை நான் ஒரு வீட்டிலும் மாற்றியதில்லை.

முதலில் படங்கள். 2009இல் அல்பங்களை விட்டுவிட்டு வந்த சனம் நாங்கள். இன்று எங்கள் வீடுகளில் உள்ள பழைய படங்களில் கனக்க, வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் தங்களிடம் இருந்ததை ஸ்கேன் பண்ணி அனுப்பியவை. என் ஐயாவின் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் பெரியப்பா லண்டனிலிருந்து அனுப்பியது. ஆகவே வேறு எதையும் தொடமுதல் படங்களை வெளி டிஸ்க் ஒன்றிலும் இன்னோர் இடத்திலும், ஆக இரண்டு இடங்களில், பிரதி எடுங்கள். எடுத்த பிரதியை வேறொரு கணினியில் போட்டு நாலைந்து படங்களைத் திறந்து பாருங்கள். கோப்பின் பெயர் தெரிவதால் படம் நல்லாக இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது.

டிஸ்க் டிக் டிக் என்று அடிக்கிறதா? உடனே நிறுத்துங்கள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் உள்ளே இருப்பது இன்னும் கெடும். டிஸ்கைச் சரிபார்க்கும் செக்டிஸ்க் கட்டளையையும் பிரதி எடுக்க முதல் ஓட்டாதீர்கள். நலிந்த டிஸ்கை அது மூலை முடுக்கெல்லாம் வாசிக்க வைத்து இழுத்தடிக்கும்.

பிரதி எடுக்கும்போது எங்கள் ஆட்கள் எப்போதும் மறப்பது பாமினி எழுத்துரு. கோயில் நோட்டீஸ், சங்கக் கடிதம், பிள்ளைகளின் பயிற்சித் தாள் என்று எத்தனையோ ஆவணங்கள் இன்னும் பாமினியில்தான் கிடக்கின்றன. அது இன்று எல்லாக் கணினிகளும் தமிழைக் காட்டுகிற பொது முறையான யூனிகோட் இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருக்கிற பழைய முறை. புதிதாக விண்டோஸ் போட்ட கணினியில் அந்த எழுத்துரு இருக்காது. கடிதத்தைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக விளங்காத வரிகள் வரும். ஆவணம் பழுதாகிவிட்டது என்று நினைத்து அழித்தவர்களும் இருக்கிறார்கள். விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபொன்ட்ஸ் என்று ஒரு கோப்புறை இருக்கும். அதிலிருந்து பாமினியையும் நீங்கள் பாவிக்கிற மற்ற எழுத்துருக்களையும் படங்களோடு சேர்த்து எடுத்து வையுங்கள். மூன்று நிமிட வேலை.

இனி நோயைப் பிடிக்கலாம். ஒரு கொப்பி எடுத்து, கணினி எப்போது நின்றது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று ஒரு கிழமைக்கு எழுதுங்கள். நேரம் கனக்கச் சொல்லும். மத்தியானத்தில் நின்றால் சூட்டை முதலில் சந்தேகிப்பேன். பின்னேரம் தோட்டத்து மோட்டர்கள் ஓட, வீடுகளில் லைற் எல்லாம் எரிகிற நேரத்தில் நின்றால் கறண்டைப் பார்ப்பேன். எங்களுக்கு வரவேண்டியது 230 வோல்ட். லைனின் கடைசியில் இருக்கிற வீட்டில் அந்த நேரத்தில் அது விழுந்துவிடும். லைற் மங்குவதே அதற்குச் சாட்சி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வேறு லைனில் இருக்கிற வீட்டில் இரண்டு நாள் போட்டுப் பாருங்கள். அங்கே நிற்காமல் ஓடினால் பழுது பெட்டியில் இல்லை.

நடந்ததை விண்டோஸ் குறித்து வைக்கிற ஈவென்ட் வியூவரில் கேர்னல் பவர் 41 என்று ஒரு பதிவு இருந்தால் அதைக் கண்டு பயப்படவேண்டாம். கணினி முறைப்படி மூடப்படாமல் நின்றது என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. கறண்ட் போனாலும் அது வரும், பவர் சப்ளை பழுதானாலும் வரும். பவர் சப்ளையில் சந்தேகம் என்றால் நல்லது ஒன்றை இரவல் வாங்கி மாற்றிப் பாருங்கள். அதன் கூட்டை மட்டும் கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கிற கப்பாசிற்றர்கள் அடிக்கும்.

அக்காவின் கொப்பியில் எல்லாம் மத்தியானம் 12க்கும் 3க்கும் இடையில். தகரக் கூரை, பக்கத்தில் கிரவல் வீதி. மூடியைக் கழற்றினேன். ப்ரொசசருக்கு மேலே இருக்கிற அலுமினியத் தகடுகளின் இடைவெளி முழுக்கச் செம்புழுதி, கம்பளி மாதிரி அடைத்திருந்தது. சோளகம் அடிக்கிற மாதங்களில் இங்கே இப்படித்தான் ஏறும். பிளக்கைக் கழற்றி, பெட்டியை முற்றத்துக்குக் கொண்டுபோய், புளோவரால் ஊதுங்கள். ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சுழலவிட்டால் விசிறி பழுதாகலாம். ஈரத் துணி வேண்டாம். எறும்புக் கூடு, பல்லி முட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள், இரண்டையும் நான் கண்டிருக்கிறேன். ப்ரொசசருக்கும் அந்தத் தகடுகளுக்கும் இடையில் இருக்கிற வெப்பப் பசை காய்ந்து பொருக்காகியிருந்தால் பழையதைத் துடைத்துவிட்டு ஒரு பயறளவு புதிது வையுங்கள். அக்காவின் ப்ரொசசர் 90 பாகை செல்சியஸைத் தாண்டி நின்றது, துப்பரவாக்கிய பிறகு அதே வேலைக்கு 65க்குள் வந்தது. மத்தியானத்தில் நூருவதும் நின்றது.

ஸ்ரக் ஆவது மட்டும் நிற்கவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றவேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். இரண்டு நோய் இருந்தால் இரண்டும் தனித்தனியாகத் தெரியவேண்டும்.

அடுத்தது ராம், அதாவது கணினியின் தற்காலிக நினைவகத் தகடு. கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, கிளிக் என்று கேட்கும்வரை திரும்ப அழுத்துங்கள். எத்தனையோ பெட்டிகள் இதோடு எழும்பியிருக்கின்றன. பிறகு ராமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற மென்பொருளை பென்டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ராம் பழுது. "ஒண்டுதானே" என்று விடவேண்டாம்.

டிஸ்குக்கு கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். நீலம் என்றால் நல்லது, மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு என்றால் டிஸ்க் முடிந்தது. நிறத்தோடு நின்றுவிடாமல் மூன்று வரிகளைப் பாருங்கள். 05 என்பது பழுதாகி வேறு இடத்துக்கு மாற்றப்பட்ட பகுதிகள். சி5 என்பது வாசிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் பகுதிகள். சி6 திருத்தவே முடியாதவை. கடைசி நிரலில் இந்த மூன்றும் சுழியமாக இருக்கவேண்டும். சி7 மட்டும் ஏறிக்கொண்டு போனால் டிஸ்கைக் குறை சொல்லாதீர்கள்; பெரும்பாலும் அது டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கிற சாட்டா கேபிள். மலிவான ஒரு கேபிளை மாற்றவேண்டிய இடத்தில் டிஸ்கையே மாற்றியவர்களை எனக்குத் தெரியும். அக்காவின் டிஸ்கில் சி5 சுழியமாக இல்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது இன்னும் கூடியிருந்தது. ஸ்ரக் ஆவதன் காரணம் அதுதான். அதற்குப் பதிலாக எஸ்எஸ்டி, சுழலும் தட்டு இல்லாத புதுவகை டிஸ்க், ஒன்று வாங்கச் சொன்னேன்.

திகதி ஒவ்வொரு நாளும் பழைய வருடத்துக்குப் போகிறது என்றால் மதர்போர்டில் இருக்கிற சிஆர்2032 பற்றரி, 3 வோல்ட் காசுப் பற்றரி, முடிந்துவிட்டது. திகதி பிழைத்தால் இணையப் பக்கங்கள் பாதுகாப்பில்லை என்று மறுக்கும், அப்டேற்றும் இறங்காது. இதை வைரஸ் என்று நினைக்கிறவர்கள் அதிகம்.

எல்லாம் பார்த்தும் பிடிபடவில்லையென்றால், விண்டோஸுக்குப் பதிலாகப் பாவிக்கக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் போட்ட பென்டிரைவில் கணினியை எழுப்பி, ஒன்றும் நிறுவாமல் இரண்டு மணித்தியாலம் பாவியுங்கள். அதிலும் நின்றால் பழுது பெரும்பாலும் வன்பொருளில். அதில் ஒழுங்காக ஓடினால் விண்டோஸையும் டிஸ்கையும் பாருங்கள். விண்டோஸே எழும்பாத கணினியிலிருந்து படங்களை எடுப்பதற்கும் இதே பென்டிரைவ் உதவும்.

பெட்டி சுகமான பிறகுதான் எந்த விண்டோஸ் என்ற பேச்சு. விண்டோஸ் 11க்கு 4 கிகாபைட் ராம், 64 கிகாபைட் இடம், செக்கியூர் பூட், டிபிஎம் 2.0 என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் வேண்டும், இன்டெல் ப்ரொசசர் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறையிலிருந்து. டிபிஎம் இல்லை என்று காட்டினால் பயோஸில், அதாவது விண்டோஸ் எழும்பமுதல் திறக்கிற அமைப்புப் பக்கத்தில், பிடிடி (இன்டெல்) அல்லது எஃப்டிபிஎம் (ஏஎம்டி) அணைத்துக் கிடக்கிறதா என்று பாருங்கள். அக்காவினது 4ஆம் தலைமுறை ஐ3. குறுக்கு வழியில் 11ஐ ஏற்ற முடியும். ஆனால் மைக்ரோசொப்ட் ஆதரிக்காத கணினிக்கு அப்டேற் தொடர்ந்து வரும் என்ற உறுதி இல்லை. உயர்தரம் படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் அதை நான் செய்யமாட்டேன். புது எஸ்எஸ்டியில் லினக்ஸ் மின்ட் போட்டு, எடுத்து வைத்த பாமினியை உள்ளே சேர்த்தேன். அக்காவின் மாதர் சங்கக் கடிதங்கள் லிப்ரே ஒஃபிஸ் என்ற இலவச எழுத்து மென்பொருளில் தமிழாகவே திறந்தன.

நிறுவுகிற நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். நிறுவும் கோப்பு பல கிகாபைட். இரவு டேட்டாவில் முதலே இறக்கி, 8 கிகாபைட் பென்டிரைவில் போட்டு வையுங்கள். வேலையைக் காலையில் தொடங்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பின்னேரம் இடி முழங்குகிற நாட்களில் தொடவே வேண்டாம். யூபிஎஸ் இல்லாவிட்டால் ஒரு நாளைக்கு யாரிடமாவது இரவல் வாங்குங்கள். லப்டொப் என்றால் பற்றரி நிறைந்திருக்க, சார்ஜரும் செருகியிருக்கவேண்டும்.

பழைய டிஸ்கை நான் அழிக்கவில்லை. கடதாசியில் சுற்றி, "2026, படங்கள் உண்டு, அழிக்கவேண்டாம்" என்று மாக்கரால் எழுதிக் கொடுத்தேன். அக்கா அதை அலுமாரியில் காணிப் பெர்மிற் இருக்கிற தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினா.